உங்கள் பெண் வாஷிங்டன் போகட்டும், சார்

(நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.)

1/
இன்பாக்ஸில் ஒரு அப்பா எழுதியிருந்தார். டாலஸில் இருக்கிறார். இருபது வருடமாகிறது, குடியுரிமையும் வாங்கியாச்சு. பெண் அங்கேயே பிறந்தவள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, மருத்துவம் படிக்க ப்ரீ-மெட் எடுத்திருக்கிறாள்.

"டாக்டர், பரீட்சைக்கு மூணு வாரம்தான் இருக்கு. இந்த நேரத்துல காலேஜ் பிள்ளைங்களோட வாஷிங்டன் போறாளாம். உலக வறுமையை ஒழிக்க நிதி ஒதுக்குங்கன்னு செனட்டர் ஆபீஸ்ல போய்க் கேக்கப் போறாங்களாம். அதுக்குப் பேரு லாபியாம். ஏழைங்களுக்கு உதவணும்னா முதல்ல டாக்டர் ஆகட்டும், அப்புறம் உதவட்டும். நீங்க சொன்னா கேப்பா. கொஞ்சம் சொல்லுங்க."

அவர் அனுமதியோடுதான் இங்கே எழுதுகிறேன். சொல்றேன் சார். ஆனா உங்க பொண்ணுக்கு இல்லை, உங்களுக்கு.

2/
2001-ல் நான் ஒரு அரசு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன். வார்டின் கடைசிக் கட்டிலில் ஒரு லாரி ஓட்டுநர். முப்பது வயசு இருக்கும். ஹெச்.ஐ.வி., கூடவே காசநோய். வாயெல்லாம் வெள்ளைப் படலம், முழுங்க முடியாது. எலும்பும் தோலுமாகக் கிடந்தார்.

அவருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். மூன்று மருந்துகள் சேர்ந்த கூட்டுச் சிகிச்சை. 1996-லேயே உலகத்துக்குத் தெரிந்த விஷயம் அது. பாடப் புத்தகத்தில் இருந்தது. எங்கள் ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் இல்லை. வெளியில் வாங்க அவர் வீட்டில் பணமில்லை.

அவருடைய மனைவி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "மருந்து இல்லியா சார், இல்ல எங்களுக்கு இல்லியா?"

பதில் சொல்லாமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். சில வாரங்களில் அவர் இறந்துவிட்டார்.

3/
அந்தக் கேள்விக்கான பதில் மருத்துவப் புத்தகத்தில் இல்லை. மருந்து இருந்தது. அதை யாருக்கு, என்ன விலைக்கு, யார் பணத்தில் கொடுப்பது என்பதை வேறு அறைகளில், வேறு ஆட்கள் முடிவு செய்துகொண்டிருந்தார்கள். உங்கள் பெண் போகப் போவது அப்படி ஓர் அறைக்குத்தான். அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

4/
அப்போது அந்தக் கூட்டுச் சிகிச்சை மேலைநாட்டு விலையில் ஒரு நோயாளிக்கு வருடத்துக்கு 10,000 டாலருக்கும் மேல். 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம், யூசுஃப் ஹமீத் தலைமையில், அதையே வருடத்துக்கு 350 டாலருக்குத் தருகிறோம் என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பிடம் சொன்னது. இந்தியாவில் அன்று மருந்துக்குப் பொருள் காப்புரிமை கிடையாது. அதனால் இங்கே தயாரிக்க முடிந்தது.

ஆனால் நோயாளிகள் லட்சக்கணக்கில் செத்துக்கொண்டிருந்த தென்னாப்பிரிக்காவில் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. அங்கே காப்புரிமை இருந்தது.

5/
அந்தக் கூட்டில் ஒரு மருந்து ஸ்டாவுடின். (இன்று நாங்கள் அதை எழுதுவதில்லை, பக்கவிளைவு அதிகம். அன்று அதுதான் உயிர்.) அதன் காப்புரிமை யேல் பல்கலைக்கழகத்திடம். விற்கும் உரிமை பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் கம்பெனியிடம்.

தென்னாப்பிரிக்காவில் மலிவு மருந்தை அனுமதியுங்கள் என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் யேலிடம் கேட்டார்கள். உரிமையை ஏற்கெனவே கம்பெனிக்குக் கொடுத்துவிட்டோம், எங்கள் கையில் இல்லை என்ற மாதிரி பதில் வந்தது.

அப்போது எழுந்தவர்கள் யார்? அங்கே படித்த மாணவர்கள். கையெழுத்து வாங்கினார்கள், பத்திரிகையாளர்களைப் பார்த்தார்கள். அந்த மருந்தின் பயனைக் கண்டறிந்த பேராசிரியர் வில்லியம் புரூசாஃப் அவர்கள் பக்கம் நின்றார். 2001 மார்ச்சில், அதாவது சில வாரங்களுக்குள், கம்பெனி இறங்கி வந்தது. தென்னாப்பிரிக்காவில் காப்புரிமையை வலியுறுத்த மாட்டோம், விலையையும் குறைக்கிறோம் என்று அறிவித்தது.

அந்த மாணவர்களும் பரீட்சை எழுதினார்கள் சார்.

6/
இப்போது உங்களுக்குப் பிடிக்காத அந்த வார்த்தைக்கு வருவோம். லாபி.

நம் காதில் அது புரோக்கர் வேலை மாதிரி விழுகிறது. கவர் கொடுத்துக் காரியம் சாதிப்பது என்று நினைக்கிறோம். அந்த வகையும் உண்டு. அமெரிக்காவில் மருந்துக் கம்பெனிகள் மட்டும் வருடத்துக்கு 30 கோடி டாலருக்கு மேல் லாபிக்குச் செலவு செய்கின்றன.

ஆனால் அடிப்படையில் அது என்ன? எங்கள் கிளினிக்குக்கு வரும் மெடிக்கல் ரெப் செய்வதுதான்.

7/
ரெப் எப்படி வேலை செய்வார் என்று பாருங்கள். அவருக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். அதில் உலகத்திலுள்ள எல்லா நோயையும் பேச மாட்டார். ஒரே மருந்து. கடைசியில் ஒரே கேள்வி: "சார், இந்த வாரம் எழுதுவீங்களா?" அடுத்த மாதம் மறுபடி வந்து நிற்பார். போன தடவை நான் என்ன சொன்னேன் என்பது அவருக்கு ஞாபகம் இருக்கும்.

ஒரே தடவை வந்துவிட்டுக் காணாமல் போகிற ரெப்பின் மருந்தை எந்த டாக்டரும் எழுதியதில்லை. இது தொழில் ரகசியம், வெளியில் சொல்லாதீர்கள்.

செனட்டர் அலுவலகத்திலும் இதே கதைதான். பெரும்பாலும் செனட்டரைப் பார்க்க மாட்டார்கள். ஓர் இளம் உதவியாளர் பதினைந்து, இருபது நிமிடம் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். அந்தக் குறிப்பு மேலே போகும். இந்த விஷயத்தைப் பற்றி நம் தொகுதியில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று ஒரு கணக்கு அந்த அலுவலகத்தில் இருக்கும். யாருமே கேட்காத விஷயத்தில் எப்படி வாக்களித்தாலும் உறுப்பினருக்குச் சேதமில்லை.

8/
எல்லாத் துறைக்கும் ரெப் உண்டு. ஆயுதத்துக்கு, சர்க்கரைக்கு, சோளத்துக்கு, கப்பலுக்கு. மலாவியில் மலேரியா காய்ச்சலில் கிடக்கிற குழந்தைக்கு ரெப் யார்? அதற்கு அங்கே ஓட்டு இல்லை, பணம் இல்லை.

பதினெட்டு வயது நிரம்பி, அந்தத் தொகுதியில் ஓட்டு வைத்திருக்கிற ஒரு கல்லூரிப் பிள்ளை, சொந்தக் காசில் பஸ் ஏறி வந்து, "எனக்கு இதில் லாபம் எதுவும் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்" என்று உட்கார்ந்தால், அந்தக் குழந்தைக்கு அன்று ஒரு ரெப் கிடைத்துவிட்டது. அதைத்தான் நீங்கள் வேலையில்லாத வேலை என்கிறீர்கள்.

9/
"நாலு பசங்க போய்ப் பேசினா ஆகுமா?" நியாயமான கேள்வி. கதை வேண்டாம், கணக்குப் பார்ப்போம்.

சாம் டேலி-ஹாரிஸ் என்று ஒருவர். பள்ளியில் இசை ஆசிரியர். 1970-களின் கடைசியில் 7,000 பள்ளி மாணவர்களிடம், உங்கள் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் பெயர் என்ன என்று கேட்டுப் பார்த்தார். சரியாகச் சொன்னவர்கள் 200 பேர். அதிர்ந்துபோய் 1980-ல் 'ரிசல்ட்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். சாதாரண ஆட்களுக்கு, பிறகு மாணவர்களுக்கும், தங்கள் உறுப்பினரிடம் எப்படிப் பேசுவது, பத்திரிகைக்கு எப்படி எழுதுவது என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

1984-ல் அமெரிக்கக் காங்கிரஸ் குழந்தைகள் உயிர்காப்புக்கென்று தனி நிதி ஒன்றை 2.5 கோடி டாலரில் உருவாக்கியது. அதற்காகக் கடிதம் எழுதி, போன் பேசி, விடாமல் கேட்டவர்களில் இவர்களும் உண்டு. அந்த மாதிரிப் பணமெல்லாம் எதற்குப் போனது தெரியுமா? தடுப்பூசிக்கும், நாம் ஓ.ஆர்.எஸ். என்று சொல்கிற உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கும்.

1990-ல் உலகில் ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் 1.2 கோடிக்கும் மேல். 2022-ல் 50 லட்சத்துக்கும் கீழ். இதை லாபி மட்டுமே செய்ததா? இல்லை. ஆனால் தடுப்பூசி தானாக நடந்து கிராமத்துக்குப் போகாது. எவரோ பணம் ஒதுக்க வேண்டும். எவரோ ஒதுக்கச் சொல்ல வேண்டும்.

10/
அடுத்தது ஹெச்.ஐ.வி. 2003 ஜனவரியில் ஜார்ஜ் புஷ், ஐந்து ஆண்டுகளில் 1,500 கோடி டாலர் என்று பெப்ஃபார் திட்டத்தை அறிவித்தார். அன்றைக்கு ஆப்பிரிக்காவில் இந்த வைரஸோடு ஏறக்குறைய 3 கோடிப் பேர். மருந்து கிடைத்தது 50,000 பேருக்கு மட்டும் என்று அந்த உரையிலேயே சொன்னார்.

திட்டத்தைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. 2007-ல் புஷ் கேட்டது 3,000 கோடி டாலர். போதாது, 5,000 கோடி வேண்டும் என்றார்கள் எய்ட்ஸ் போராளிகள். அதில் மாணவர்கள் முன்வரிசை. அதிபர் தேர்தலுக்கான உட்கட்சிப் பிரச்சாரம் நடந்துகொண்டிருந்த நியூ ஹாம்ப்ஷயர், அயோவா கூட்டங்களுக்குப் போய், கேள்வி நேரத்தில் மைக்கைப் பிடித்து, எல்லார் முன்னாலும் கேட்டார்கள்: 5,000 கோடிக்கு நீங்கள் சம்மதமா, இல்லையா? ஒபாமா, ஹிலாரி கிளின்டன், எட்வர்ட்ஸ் மூவரும் சம்மதம் என்றார்கள்.

2008-ல் காங்கிரஸ் நிறைவேற்றியது 4,800 கோடி. அதிபர் கேட்டதைவிட 1,800 கோடி டாலர் அதிகம்.

இதுவரை இந்தத் திட்டம் காப்பாற்றிய உயிர்கள் 2.5 கோடிக்கும் மேல் என்பது அமெரிக்க அரசின் கணக்கு. நான் என் வாழ்நாளில் எத்தனை பேரைக் காப்பாற்றுவேன் என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

11/
மாணவர்களை மட்டும் தூக்கிப் பேசினால் அது பொய்யாகிவிடும். தென்னாப்பிரிக்காவில் 1998-ல் தொடங்கிய டிரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெயின் இல்லாமல் இது எதுவும் நடந்திருக்காது. அப்போது அதன் தலைவராக இருந்த ஜாக்கி அஹ்மத் ஹெச்.ஐ.வி. உள்ளவர். ஏழைக்குக் கிடைக்காத மருந்தை நானும் சாப்பிட மாட்டேன் என்று 2003 வரை மறுத்தவர். அமெரிக்காவிலும் தேவாலயங்கள், கறுப்பின உறுப்பினர்கள், நோயாளிகள் அமைப்புகள் எல்லாம் சேர்ந்து இழுத்த தேர் இது. மாணவர்கள் பிடித்தது ஒரு வடத்தை. ஆனால் பிடித்தார்கள். ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கவில்லை.

12/
நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரு நிமிடம்.

இந்தியாவில் ஹெச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டதே சென்னையில்தான். 1986, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். 1995-ல் இருந்து தமிழ்நாட்டில் தடுப்புப் பணி செய்த அபாக் திட்டத்துக்குப் பணம் கொடுத்தது அமெரிக்காவின் யுஎஸ்எய்ட், நடத்தியது சென்னை வி.ஹெச்.எஸ். லாரி ஓட்டுநர்கள் மத்தியில் ஆணுறை பற்றி வெட்கமில்லாமல் பேசியவர்கள் அவர்கள். 2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவசக் கூட்டுச் சிகிச்சையைத் தொடங்கிய முதல் 8 மருத்துவமனைகளில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. பிறகு அது நாடெங்கும் விரிந்ததில் குளோபல் ஃபண்ட் பணத்துக்குப் பெரிய பங்கு. அந்த நிதிக்கு அதிகம் கொடுப்பது அமெரிக்கா.

என் லாரி ஓட்டுநர் மூன்று வருடம் முந்திவிட்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.

13/
"உதவி என்ற பேரில் கொள்ளை, ஊழல். அவங்க உபரியை நம்ம தலையில கட்டுறாங்க." இதுவும் கமென்ட்டில் வரும், இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்.

பாதி உண்மை. அமெரிக்க உணவு உதவியில் பெரும்பகுதி அமெரிக்காவில் விளைந்ததாக இருக்க வேண்டும், அதில் பாதியாவது அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில் போக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பக்கத்து ஊர்ச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் தானியத்தை விட்டுவிட்டு, கடல் கடந்து கொண்டு வருவார்கள். பசித்தவனுக்கு அது மாதக்கணக்கில் தாமதமாக வந்து சேரும்.

இந்தச் சட்டம் ஏன் இன்னும் இருக்கிறது? கப்பல்காரர்களின் ரெப் தவறாமல் அந்த அறைக்குப் போகிறார். உதவி மோசமாக இருக்கிறது என்பதற்காக மாணவர்கள் போகாமல் இருந்தால், அந்த நாற்காலியிலும் கப்பல்காரரே உட்காருவார். கெட்ட உதவியைத் திருத்தவும் அதே கதவைத்தான் தட்ட வேண்டும்.

14/
"அவங்க நாட்டுலயே ஏழைங்க இருக்காங்களே?" இருக்கிறார்கள். வெளிநாட்டு உதவியை நிறுத்தினால் அந்தப் பணம் அவர்களுக்குப் போய்விடும் என்று நினைக்கிறீர்களா? 2025 வெட்டுகளுக்கு முன்பு அமெரிக்க மத்திய பட்ஜெட்டில் வெளிநாட்டு உதவி சுமார் 1 சதவீதமாக இருந்தது. கருத்துக்கணிப்பில் கேட்டால், சராசரி அமெரிக்கர் கால் பங்கு போகிறது என்கிறார். இந்தத் தவறான எண் மண்டையில் இருக்கிற வரை வெட்டுவது சுலபம். வெட்டினார்கள்.

15/
2025 ஜனவரி 20 அன்று வெளிநாட்டு உதவி 90 நாள் நிறுத்தம் என்று அதிபரின் உத்தரவு. ஜூலை 1 அன்று யுஎஸ்எய்ட் அதிகாரபூர்வமாக மூடப்பட்டது. இந்த வெட்டுகள் தொடர்ந்தால் 2030-க்குள் கூடுதலாக 1.4 கோடிக்கும் மேற்பட்டோர் இறக்கலாம், அதில் 45 லட்சம் பேர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் என்று லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. இது மதிப்பீடுதான். முன்னே பின்னே இருக்கலாம். பாதி என்றே வையுங்கள். உங்களுக்குச் சரியாகப் படுகிறதா?

16/
அதே ஜூலையில், ஏற்கெனவே ஒதுக்கிய சுமார் 900 கோடி டாலரைத் திரும்பப் பெறும் மசோதா செனட்டுக்கு வந்தது. அதில் சுமார் 800 கோடி வெளிநாட்டு உதவி. மசோதாவில் பெப்ஃபாருக்கான 40 கோடி டாலர் வெட்டும் இருந்தது. எதிர்ப்பு வந்தது, ஆளும் கட்சி செனட்டர்களிடமிருந்தே வந்தது. அந்த 40 கோடி வெட்டு மசோதாவிலிருந்து நீக்கப்பட்டது. இருபது வருடமாக அந்தத் திட்டத்துக்காக இரண்டு கட்சிக் கதவையும் தட்டிக்கொண்டே இருந்தவர்கள் இருந்தார்கள். அதன் பலன் அது.

மீதி வெட்டு நிறைவேறியது. செனட்டில் 51-க்கு 48. பிரதிநிதிகள் சபையில் 216-க்கு 213.

அந்த எண்களை மறுபடி பாருங்கள் சார். 216, 213. இரண்டே இரண்டு பேர் மாற்றி வாக்களித்திருந்தால் மசோதா தோற்றிருக்கும். 435 தொகுதிகளில் இரண்டு. டெக்சாஸில் மட்டும் 38 தொகுதிகள். அதில் ஒன்று உங்களுடையது. அந்த வாரம் உங்கள் உறுப்பினர் அலுவலகத்துக்கு நீங்கள் போன் செய்தீர்களா?

நான் குற்றம் சாட்டவில்லை. அந்த மனைவி கேட்டபோது நானும்தான் அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

17/
"முதல்ல டாக்டர் ஆகட்டும்." இதுதான் உங்கள் கடைசி வாதம், எனக்கு நெருக்கமானதும் இதுதான்.

1848-ல் மேல் சைலீசியாவில் டைஃபஸ் காய்ச்சல். பிரஷ்ய அரசு ஓர் இளம் டாக்டரை அனுப்பியது. ருடால்ஃப் விர்ஷோ, வயது 26. திரும்பி வந்து அவர் கொடுத்த அறிக்கையில் மருந்துச் சீட்டு இல்லை. அந்த மக்களுக்குக் கல்வி வேண்டும், சாலை வேண்டும், சுயாட்சி வேண்டும், வரிச்சுமை மாற வேண்டும் என்று எழுதினார். வேலையும் பறிபோனது, கொஞ்ச நாளில். இன்று நவீன நோயியலின் தந்தை என்று எங்களுக்குப் பாடம் எடுக்கிறார்கள் அவரைப் பற்றி. அறிக்கையைப் பற்றி மட்டும் எடுப்பதில்லை.

டாக்டர் ஆன பிறகு நேரம் கிடைக்கும் என்கிறீர்கள். கிடைக்காது. ரெசிடென்சி, கடன், குழந்தை, கிளினிக். நாற்பது வயதில் நாங்களெல்லாம் "அரசியல் நமக்கு வேண்டாம்" என்று சொல்லப் பழகிவிடுகிறோம். பத்தொன்பது வயதில் பழகாவிட்டால் இந்தக் கேட்கும் பழக்கம் வரவே வராது.

18/
இப்போது உங்கள் பெண்ணிடம் சொல்ல வேண்டியது. இதில் கண்டிப்பாகவே இருப்பேன்.

செல்ஃபி எடுக்கவும், விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்க்கவும் மட்டும் போவதென்றால், அம்மா, வீட்டிலேயே படி. அப்படிப் போகிறவர்களும் உண்டு. வறுமையை ஒழியுங்கள் என்று பொதுவாகப் பேசிவிட்டு வந்தால் உதவியாளர் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்.

போவதென்றால் ரெப் மாதிரிப் போ. எந்த மசோதா, எந்தத் திட்டம், எவ்வளவு தொகை என்று தெரிந்துகொண்டு போ. உன் உறுப்பினர் நிதி ஒதுக்கீட்டுக் குழுவில் இருக்கிறாரா என்று பார். ஒரே ஒரு கோரிக்கை, ஆம் இல்லை என்று பதில் வருகிற மாதிரி கேள். ஏழைகளைப் பரிதாபப் பொருளாகக் காட்டாதே. அந்த நாடுகளின் நர்ஸுகளும் நோயாளிகளும் என்ன கேட்கிறார்கள் என்று முதலில் படி. தெரியாததைத் தெரியாது என்று சொல். நன்றி சொல்லிக் கடிதம் போடு. அடுத்த மாதம் டாலஸில் இருக்கும் அதே உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தில் போய் மறுபடி நில்.

புத்தகத்தை பஸ்ஸில் எடுத்துப் போ. பரீட்சையில் தேறாமல் வந்தால் அப்பாவிடம் நான் பேச மாட்டேன்.

19/
உங்களுக்கு, சார்: நீங்களும் அங்கே ஓட்டு உள்ளவர். பெண் போய் வந்த மறுவாரம் நீங்களும் ஒரு போன் போடுங்கள். பெயர், தொகுதி, ஒரு கோரிக்கை. இரண்டு நிமிடம்கூட ஆகாது.

இந்தப் பதிவைப் படிக்கும் மற்றவர்களுக்கு: உங்கள் உறவில் அங்கே ஓட்டுரிமையோடு கல்லூரியில் படிக்கும் பிள்ளை இருந்தால் இதை அனுப்புங்கள். படிக்கத் தமிழ் தெரியவில்லை என்றால் நீங்களே படித்துக் காட்டுங்கள்.

20/
மருந்து இல்லியா, எங்களுக்கு இல்லியா என்று இன்றைக்கும் எங்கோ ஒரு வார்டில் ஒரு பெண் கேட்டுக்கொண்டிருப்பாள். 2025-க்குப் பிறகு அதிகமாகவே கேட்பாள். அங்கே நிற்கும் ஹவுஸ் சர்ஜனிடம் பதில் இருக்காது. எனக்கும் இல்லாமல்தான் இருந்தது.

அதற்குப் பதில் தேடித்தான் உங்கள் பெண் பஸ் ஏறுகிறாள். வழிச்செலவுக்குக் கொடுத்து அனுப்புங்கள் சார்.

(பகிர்வதற்கு அனுமதி கேட்க வேண்டாம்.)